படுக்கிற பெட்டியா, நிற்கிற பெட்டியா?

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடையில் முப்பத்தோரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். முதல் பாதி கடலூர் மஞ்சக்குப்பத்தில், மீதி சிதம்பரம் கிளையில். நின்றுகொண்டிருக்கிறேன் என்று சும்மா சொல்லவில்லை. சேல்ஸ்மேனுக்கு நாற்காலி கிடையாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டுக்கு ஃப்ரீசர் கேட்டா எத காட்டறது? படுக்கிறதா, நிக்கிறதா?" எங்கள் கடைப் பேச்சில் மேலே மூடி திறக்கும் செஸ்ட் ஃப்ரீசர் 'படுக்கிறது'. பீரோ மாதிரி கதவு வைத்த அப்ரைட் 'நிக்கிறது'. கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்தால் தெரிந்துவிடும் என்றும் நம்பிக்கை இல்லை.

1. ஒரு போன்

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது விமலாவிடமிருந்து போன் வந்தது. கிள்ளையில் அவர் வீட்டுக்குக் காலையில்தான் முந்நூறு லிட்டர் ஃப்ரீசர் ஒன்றை அனுப்பியிருந்தேன். படுக்கிறது.

"அண்ணே, அந்தப் பொட்டிய வந்து எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்னாம்மா ஆச்சி? கூலிங் வரலையா?"

"இன்னும் ஆனே பண்ணலண்ணே."

"டேமேஜா? டென்ட் எதனா இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பொட்டி நல்லாத்தான் இருக்குது. நீங்க வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. எங்க மாமா சாப்பிட மாட்டேன்றாரு."

ஃப்ரீசருக்கும் அவருடைய மாமனார் சாப்பிடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்னால் யாரோ அழுகிற சத்தம் வேறு கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யோவ், பேக்கிங் பிரிச்ச மாலு. திருப்பி எடுக்க முடியாது. நீதான வித்த? நீயே போயி பேசி சரி பண்ணிட்டு வா."

2. விற்றது எப்படி

விமலா கடைக்கு வந்தது அதற்கு முந்தின வாரம். நாற்பது வயதிருக்கும். கணவர் ரவி பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளுகிறார். விமலா விடிகாலையில் படகுகளிலிருந்து இறாலும் நண்டும் வாங்கி, வீட்டிலேயே சுத்தம் செய்து, அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு, ஸ்கூட்டரில் சிதம்பரத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதுவரை தெர்மாகோல் பெட்டியும் ஐஸும்தான். சில நாட்களுக்கு முன்னால் ஐஸ் உருகி ஒரு நாள் இறால் முழுக்க நாறிப்போய்விட்டதாம். வாங்கினவர்கள் எல்லாரும் வாட்ஸப்பில் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

"இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா என்கிட்ட யாரும் வாங்க மாட்டாங்கண்ணே. இத விட்டா எனக்கு வேற வேல தெரியாது" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டெக்னிக்கல் ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டான். படுக்கிறதுதான் உங்களுக்குச் சரி என்று ஆரம்பித்தேன். குளிர்ந்த காற்றுக்குக் கனம் ஜாஸ்தி. மேல்மூடியைத் திறந்தாலும் அது கீழேயே தங்கும். அப்ரைட்டில் கதவைத் திறந்தால் குளிர் காலடியில் கொட்டிப் போய்விடும். உங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போகும். செஸ்ட் நிறைய சரக்கு இருந்து மூடியைத் திறக்காமல் வைத்தால் ஒரு நாள் தாங்கும். அடியில் இருக்கிற பாக்கெட்டைத் தேடி எடுப்பது மட்டும் கொஞ்சம் தொல்லை. மூச்சு விடாமல் சொன்னேன்.

விமலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிற்கிற மாடலைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ல மாமா படுத்துக் கெடக்காருண்ணே. பக்கவாதம். அதான் நிக்கிறதாவே இருந்தா தேவலயோன்னு பாக்கறேன்."

அவர் அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் இடப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டேன்.

"எடந்தான? ஹால்ல அவுரு கட்டில் இருக்குதா? அத தூக்கி பின்னால ரூம்ல போட்டுடுங்க. பொட்டி அழகா உக்காந்துடும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிண்ணே, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். நானும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பில் போடப் போனேன்.

3. கிள்ளை

டெலிவரி வேனிலேயே ஏறிப் போனேன். விமலா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தலையை விரித்துப் போட்டிருந்தார்கள். ஓரமாக ஒரு வேன்.

என் மனதில் ஓடியது ஒன்றுதான்: எர்த் லீக்கேஜ். பெட்டியைத் தொட்டு யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது. இன்னும் ஆன் பண்ணவேயில்லை என்று விமலா போனில் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. இறங்கி, முதல் நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டேன்.

"யாருங்க?"

"கலியபெருமாளு. ரவியோட அப்பா."

"எப்போ?"

"இல்லீங்க, இருக்காரு."

"அப்பறம் ஏங்க எல்லாரும் உக்காந்திருக்கீங்க?"

"வந்துட்டோம். அதான்."

நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உள்ளே போனேன். ஹாலைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. மீதியை விமலா சொன்னார்.

ஃப்ரீசரை வண்டியிலிருந்து இறக்கியதும் ஆன் பண்ணக்கூடாது. வரும் வழியில் சாய்ந்து கம்ப்ரஸர் ஆயில் கலங்கியிருக்கும். நாலு மணி நேரம் அப்படியே வைத்து அடங்கவிட வேண்டும். எங்கள் ஆட்கள் அதைச் சரியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். விமலாவும் பெட்டியை ஹால் நடுவில் வைத்து, புதுப் பொருள் ஆயிற்றே என்று சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சரம் சுற்றி, ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார். தூசி படக்கூடாது, கீறல் விழக்கூடாது என்று மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்திருக்கிறார். மாமனாருடைய வேட்டி. பிறகு நாலு மணி நேரம் சும்மா இருப்பானேன் என்று இறால் பார்க்கப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ வாங்க வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். கலியபெருமாளின் கட்டில் வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை. அந்த இடத்தில் நீளப் பெட்டி. மேலே வெள்ளை வேட்டி, பூ, ஊதுபத்தி. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வந்தால் அது பிணம் வைக்கத்தான் என்று உங்களுக்கே தெரியும். அவள் வைத்த ஓலத்தில் தெரு கூடிவிட்டது. யாரோ குறிஞ்சிப்பாடியில் இருக்கும் கலியபெருமாளின் தங்கைக்குப் போன் போட, அந்தக் குடும்பம் வேன் பிடித்து மாலையோடு கிளம்பிவிட்டது. விமலா திரும்பி வந்தபோது அவரைக் கட்டிக்கொண்டு நாலு பேர் அழுதார்களாம். அவரும் ஒரு நிமிடம் உண்மை என்று நம்பி அழுதுவிட்டு, பின்னால் ரூமுக்கு ஓடிப் பார்த்திருக்கிறார்.

கலியபெருமாள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். அவ்வளவையும் கேட்டுக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. அவர் அப்போதிலிருந்து கஞ்சியும் குடிக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை.

"பொட்டி போனாத்தான் சாப்பிடுவேன்றாரு. நீங்க எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே" என்றார் விமலா. அவர் காலடியில் இரண்டு கூடை இறால் இருந்தது. அன்றைக்கு வாங்கியது. பெட்டி போனால் அதுவும் போகும், வாங்குகிறவர்களும் போவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

4. எத்தனை லிட்டர்

பின்னால் ரூம் சின்னது. ஒரே ஒரு சன்னல், அதற்கு ஒரு சாண் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். கட்டிலில் கலியபெருமாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நீதான் பொட்டி வித்ததா?"

"ஆமாங்கய்யா."

"என்னா அளவு?"

நுணலும் தன் வாயால் கெடும். பழக்க தோஷத்தில், "முந்நூறு லிட்டருங்க" என்றேன்.

"நான் எத்தினி லிட்டர் வருவேன்?"

விமலா முகத்தை மூடிக்கொண்டார். நான் அவசர அவசரமாக, இது இறாலுக்குங்க, குளிர்ந்த காற்று கீழே தங்கும், கரண்ட் போனாலும் தாங்கும் என்று கடையில் சொன்னதையெல்லாம் மறுபடி ஒப்பித்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் முதலாளி என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று, "உங்களுக்குப் பிடிக்கலன்னா நிக்கிறதா மாத்தித் தரேங்கய்யா" என்றேன்.

அவர் மெதுவாக என் பக்கம் தலையைத் திருப்பினார். "நிக்க வச்சி வேற வெப்பீங்களா?"

விமலாவின் பொறுமை அங்கேதான் அறுந்தது. "ஏன் மாமா இப்பிடிப் பேசறீங்க? உங்களுக்குன்னா வாடகைக்கு எடுக்க மாட்டமா? அதுக்குப் போயி யாராச்சும் சொந்தமா வாங்குவாங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரர்கள் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

கட்டில் ஆடியது. கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியபடி, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"சாவுக்கு நான் பயப்படலம்மா. காலையில ரெண்டு பேரு வந்தானுவோ. கட்டிலோட தூக்கி இங்க போட்டானுவோ. ஏன்னு ஒருத்தரும் சொல்லல. அங்க இருந்தா தெரு தெரியும். ரவி வேலைக்குப் போறது தெரியும், புள்ளைங்க பள்ளிக்கூடம் வுட்டு வர்றது தெரியும். இங்க செவுத்தப் பாத்துக்கினு கெடந்தேன். அப்பறம் பாத்தா அந்தாண்ட என் பேர சொல்லி அழுவுறாங்க. கூப்புட்டேன், யாரு காதுலயும் வுழல. செத்துட்டா இப்பிடித்தான் இருக்குமோன்னு எனக்கே சந்தேகமாப் பூடுச்சி."

விமலா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சொல்லியிருக்கணும் மாமா. வேல அவசரத்துல சொல்லாம வுட்டுட்டேன்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஐயா, கட்டிலப் பின்னால போடச் சொன்னது நான்தாங்க."

"நீ இந்த வூட்ட முன்னப் பின்ன பாத்திருக்கியா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

வெட்கமாக இருந்தது. கட்டிலையும் பெட்டியையும் இடம் மாற்றிப் போட்டுவிடலாம் என்றேன்.

பிறகு நடந்ததற்கு அதிக நேரம் ஆகவில்லை. ரூமில் இருந்த ப்ளக் பாயின்ட்டை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எர்த் நன்றாகவே இருந்தது. முதலில் கட்டில் ஹாலுக்குப் போனது, தெரு தெரிகிற பக்கமாக. அப்புறம் ஃப்ரீசர். அடியில் சக்கரம் இருந்தாலும் இரண்டு நிலைப்படி தாண்ட வேண்டும். வாசலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். குறிஞ்சிப்பாடித் தங்கையின் மகன்கள் இரண்டு பேர், தெருக்காரர்கள் இரண்டு பேர். கலியபெருமாளைத் தூக்க வந்த அதே நாலு பேர் ஃப்ரீசரைத் தூக்கினார்கள்.

கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்த கலியபெருமாள் அவர்களை அதட்டினார். "டேய், பாத்துத் தூக்குங்கடா. அது எங்க மருமவ பொழப்புடா."

இடம் மாற்றியதால் மறுபடி நாலு மணி நேரம் ஆன் பண்ணக்கூடாது என்று விமலாவிடம் சொன்னேன். அதுவரைக்கும் அந்த இரண்டு கூடை தாங்க, கடை வேனிலேயே போய் ஐஸ் வாங்கி வந்து போட்டேன். திரும்பி வந்தபோது விமலா மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தங்கை அண்ணன் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது அவர்கள் வந்த வேனிலேயே இருந்தது.

5. என்ன சொல்வது

படுக்கிறதா, நிக்கிறதா என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். டெக்னிக்கலாக நான் சொன்னது தப்பில்லை. விமலாவின் வியாபாரம் இப்போது நன்றாகப் போகிறது. அடியில் இருக்கிற பாக்கெட்டை எடுக்க இடுப்பு ஒடிகிறது என்று மட்டும் திட்டுகிறார். ஆனால் அன்றைக்கு அந்தப் பெரியவர் கஞ்சி குடிக்காமலே இருந்திருந்தால் நான் சொன்னது சரி என்று எந்த வாயால் சொல்வது? முதலாளி கேட்டபோது, "பேசி சரி பண்ணிட்டேன்" என்றேன். யார் யாரைச் சரி பண்ணியது என்று அவருக்கு விளக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஃப்ரீசர் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை லிட்டர் என்பதைப் பிறகு கேளுங்கள். வைக்கப் போகிற இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்றால் பில்லைப் போடாதீர்கள். வீட்டுக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள்.