எட்டாவது பாட்டின் ஒட்டு

பழைய டேப் எது கைக்கு வந்தாலும் நாடாக்காரர் முதலில் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். சுருளின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அது பழங்காலத்து அசிடேட் நாடா. கசியாவிட்டால் பாலியஸ்டர். பாலியஸ்டர் ஈரம் குடித்துப் பிசுபிசுத்திருந்தால், பழம் உலர்த்தும் பெட்டியில் இளஞ்சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து எடுக்கலாம். அதன்பின் சில வாரங்கள் ஒழுங்காக ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அசிடேட்டை அதில் வைத்தால் தொலைந்தது. சருகாகிவிடும். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொந்த டேப்புகளைப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டார். அதனாலேயே முப்பது வருடமாக ஒருவர் டேப்பையும் அவர் சோதிக்காமல் விட்டதில்லை.

தம்பியின் டேப்பைத்தான் சோதிக்கவில்லை. அதைக் கடையில் புதுசாக வாங்கியவரே அவர்தானே, சோதிக்க என்ன இருக்கிறது?

அண்ணன் தம்பி இருவருக்கும் வாலிபத்தில் ஒரே பைத்தியம், ஆங்கில ராக் பாட்டு. ஒரு பேண்டின் முதல் ஆல்பத்தை மட்டும்தான் வாங்குவார்கள். இரண்டாவது ஆல்பத்துக்குள் பேண்டுக்கு வயிறு நிறைந்து பசி போய்விடும் என்பது தம்பியின் கட்சி. அண்ணனுக்கு பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் போதும். மழைச் சத்தத்தோடும் மணியோசையோடும் அது தொடங்கும்போதெல்லாம் கை மயிர் நிற்கும். தம்பிக்கு அயர்ன் மெய்டன். "மழை பெய்யுறதக் கேக்கணும்னா நான் வாசல்ல போய் நிக்கிறேன்" என்பான்.

பிறகு நாலு நண்பர்களோடு தம்பியே ஒரு பேண்ட் தொடங்கினான். அவன் டிரம்ஸ். வாடகை அறையில் மெத்தைகளைச் சுவரில் சாத்தி, இரண்டே நாளில் முதல் ஆல்பத்தைப் பதிந்தார்கள். பதிந்தவர் அண்ணன். ஏழு பாட்டை வேறொருவன் பாடினான். எட்டாவதைத் தம்பி எழுதித் தானே பாடினான். ஆல்பம் வெளிவரவில்லை. பேண்டும் நிற்கவில்லை. தம்பி அதன்பின் ஒருநாளும் மைக் முன்னால் போகவில்லை. லாரி ஓட்டப் போய்விட்டான்.

போன மாதம் தம்பியின் தொண்டையிலிருந்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். செல்போனில் இருப்பதெல்லாம் கடைசி ஒரு வருடத்துக் கரகரப்பு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி நீட்டினான்: "என் பாட்டு இருக்கா?"

வெளியே வந்து தம்பி மனைவி தணிந்த குரலில் சொன்னாள். "திங்கக்கிழமை மறுபடி அட்மிட் ஆகணும் மாமா. இந்தத் தடவை டாக்டர் எதுவும் உறுதியாச் சொல்லல. அதுக்குள்ள ஒரு தடவை கேட்டுட்டா நிம்மதியாப் போவாரு."

"நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாம்மா. இதுவரைக்கும் நூறு டேப்பாவது காப்பாத்திருப்பேன். இதக் காப்பாத்த மாட்டேனா?"

டேப் ஈரம் குடித்துப் பிசுபிசுத்திருந்தது. அன்று பகல் முழுவதும் அதை உலர்த்தும் பெட்டியில் வைத்து, அருகிலேயே உட்கார்ந்து, மணிக்கொரு தரம் சுருளைத் திருப்பிப் போட்டார். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

மறுநாள் தம்பி வந்து பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தான். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. டேப் வெண்ணெய் மாதிரி ஓடியது. முதல் பாட்டு, இரண்டு, மூன்று. தம்பியின் விரல்கள் மேசையில் தாளம் தட்டின. கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. ஏழாவது முடிந்து, இரண்டு டேப்புகளை இணைத்த ஒரு ஒட்டு, டெக்கில் ஒலியைப் படிக்கும் தலையைத் தாண்டியது.

அந்த ஒட்டைப் பார்த்ததும்தான் நாடாக்காரருக்குப் பாட்டுப் பதிந்த நாள் நினைவு வந்தது.

ஏழு பாட்டோடு டேப் தீர்ந்துபோன நாள் அது. கையில் காசில்லை. வானொலி நிலையத்தில் கழித்துப்போட்ட பழைய டேப்பில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்து, வெட்டி, ஒட்டியது அவரேதான். எட்டாவது பாட்டு மொத்தமும் அசிடேட்.

நிறுத்த நீண்ட கை நடுவழியில் நின்றது. ஸ்பீக்கரில் இருபத்திரண்டு வயதுத் தம்பி பேசினான்.

"அண்ணா, இந்தத் தடவையாவது டேப் போதுமா? இல்ல, பாதியில தொண்டைய மூடிக்கிட்டு வரணுமா?"

யாரோ சிரித்தார்கள். குச்சிகள் நான்கு முறை தட்டின. குரல் எழுந்தது, முரட்டுக் குரல், இளசு, கொஞ்சம் சுருதி விலகியது. பெட்டிச் சூட்டில் முறுகியிருந்த டேப் தலையைவிட்டு விலக, குரல் கம்பளிக்குள் போனதுபோல் மங்கியது. நாடாக்காரர் பஞ்சுக்குச்சியால் டேப்பைத் தலையோடு அழுத்தினார். குரல் திரும்பி வந்தது. ஒரு வரி. இரண்டாவது வரி தொடங்கும்போது டேப் பட்டென்று முறிந்தது. ஓடிக்கொண்டிருந்த சக்கரம் அதை இன்னும் நாலைந்து இடத்தில் நொறுக்கிவிட்டுத்தான் நின்றது.

தம்பியின் விரல்கள் நிற்கவில்லை. மிச்சப் பாட்டு முழுவதையும் மேசையில் தட்டி முடித்தான். அதுவரை நாடாக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான்டா கெடுத்தேன்" என்றார். "வெளிச்சத்துல ஒரு தடவை பிடிச்சுப் பார்த்திருந்தா போதும். பார்க்கல."

தம்பி எழுதினான்: "எவ்வளவு தேறும்?"

"பதினாலு செகண்ட்."

"அதுல பாதி உன்ன நக்கலடிச்சது." எழுதிவிட்டு அவன் சிரித்தான். சிரிப்புக்குச் சத்தம் இல்லை. துணிக்கடியிலிருந்து காற்று மட்டும் வந்தது. பிறகு பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"போலாங்க" என்று மனைவி அவன் தோளைத் தொட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஒட்ட முடியுமா மாமா?"

"திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கும்மா."

அவர்கள் போனபின் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, இடுக்கியால் துண்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கத் தொடங்கினார். எது முன், எது பின் என்று பிடிபடவில்லை. சில, இடுக்கி பட்டதுமே பொடிந்தன. பழக்கதோஷத்தில் ஒரு துண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அதனூடே பழுப்பாகக் கசிந்தது.