கை நடுங்கினா சாமி இல்லீங்க

இன்னைக்குக் காலையில எங்க எஸ்டேட் மாரியம்மன் கோயில்ல பூசை. மேளம் ஆரம்பிச்சதும் என் வலது கை நடுங்கிச்சு. கொஞ்ச நாளாவே அப்படித்தான்.

பக்கத்துல நின்ன லெட்சுமி அக்கா விட்டாங்களா? "ஆத்தா வந்துட்டா!"ன்னு கத்தி, என் தலையில மஞ்சத்தண்ணிய ஊத்திட்டாங்க.

"தாயே, என் மவனுக்கு எப்ப வேலை கிடைக்கும்?"

"அக்கா, இது சாமி இல்ல, நரம்பு"ன்னேன்.

இந்தக் கை நடுக்கத்துக்காகத்தான் போன வாரம் புஞ்சாக் ஆலாம் ஊர்ல இருக்கிற கிளினிக்ல எனக்குக் கண் டெஸ்ட் எடுத்தாங்க. திரையில ஒரு புள்ளி வலப்பக்கம் தாவினா நான் அதுக்கு நேர் எதிரா இடப்பக்கம் பார்க்கணும். கண்ணு எவ்வளவு வேகமா, சரியா திரும்புதுன்னு கேமரா அளக்கும்.

"பார்க்கின்சன் அறிகுறி மாதிரி இருக்கு. இத மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாது, நரம்பு டாக்டரப் பாருங்க"ன்னாங்க.

அண்ணி என் காதுல கிசுகிசுத்தாங்க: "சாமின்னே இருந்துட்டுப் போகட்டும் லா. நோய்னு தெரிஞ்சா உன் மகள யாரு பொண்ணு கேட்டு வருவா?"

அதுக்காக நான் ஆத்தாவா நடிக்கணுமா?

பூசாரிகிட்ட இருந்து மைக்க வாங்கிச் சொன்னேன்: "எனக்குப் பார்க்கின்சன் இருக்கலாம். டாக்டரப் பார்க்கப் போறேன். ஏதாச்சும் கேக்கணும்னா என்னையே கேளுங்க."

சுத்தி நின்னவங்க மெல்ல நகர்ந்தாங்க.

லெட்சுமி அக்கா மட்டும் நகரல. "சரிம்மா, நோயாவே இருக்கட்டும். என் மவன் வேலைய மட்டும் சொல்லிடு."

சொல்லிட்டேன்: "மொதல்ல அவன இன்டர்வியூவுக்குப் போகச் சொல்லுங்க."

லெட்சுமி அக்கா மவனே, தம்பி, நீ இதப் படிப்பேன்னு தெரியும். திங்கட்கிழமை நான் டாக்டர்கிட்ட போறேன். நீ இன்டர்வியூவுக்குப் போ.

போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு கமெண்ட்ல சொல்லு.