ராஜா படத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

கலைவாணியின் வாய்க்கு ஒரு பெயர் இருந்தது. "அந்தக்கா வாயில வேப்பிலையப் போட்டாலும் சக்கரையாத்தான் வெளிய வரும்" என்பார்கள் கனகசெட்டிக்குளத்துப் பெண்கள். பாராட்டுக்குப் பாராட்டு, கேலிக்குக் கேலி. அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். பிழைப்பே அதுதானே. பிரெஞ்சில் சொல்வதைத் தமிழிலும், தமிழில் சொல்வதைப் பிரெஞ்சிலும் சொல்ல வேண்டும். சொல்லும்போது யார் மனமும் நோகக் கூடாது. இந்த இரண்டாவது விதியை யாரும் அவளுக்குப் போடவில்லை. அவளே போட்டுக்கொண்டது.

அப்பா கலியபெருமாள் புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலையை மூடிய பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று யாரோ சொன்னதை நம்பி மகளுக்குப் பிரெஞ்சு எடுத்துக் கொடுத்தார். மார்க் ஒன்றும் கொட்டவில்லை, ஆனால் மொழி ஒட்டிக்கொண்டது. படிப்பு முடிந்ததும் ஒரு சொல்தா வீட்டில் வேலை கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கிழவருக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் வரும். மருமகளை நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். கலைவாணி மருமகள் பக்கம் திரும்பி, "மாமாவுக்கு ஒரு காபி வேணுமாம்" என்பாள். மருமகள் காபி கொண்டுவந்து வைப்பாள், கிழவரும் குடித்துவிட்டு அடங்கிவிடுவார். கிழவர் கண்ணை மூடும்வரை அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. பொய் சொல்கிறோம் என்று கலைவாணிக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. புண்ணியம் செய்கிறோம் என்றே நினைத்தாள்.

அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் மசேர் இவோன் அவளைத் தேடி வந்தது. பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளைப் புதுச்சேரியில் பழைய ஆட்கள் மசேர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மசேருக்கு அறுபதைத் தாண்டிய வயது, ஆனால் நடையில் தெரியாது. பிரான்சில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். கனகசெட்டிக்குளத்தில் ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். கேட்கிறவர்களுக்கு வேதமும் சொன்னார். காலையில் இரண்டு பேரும் டவுனிலிருந்து பஸ்ஸில் போவார்கள், இருட்டுகிற நேரத்தில் திரும்புவார்கள்.

மசேர் மனசில் பட்டதைச் சொல்கிறவர். "இந்தப் பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறதே, சோறு போடுகிறாளா இல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்பார். "பையன் துறுதுறுன்னு இருக்கானாம், தினம் ஒரு முட்டை குடுக்கச் சொல்றாங்க" என்று தமிழில் போகும். பெண்கள் லேசுப்பட்டவர்களா? பாதி புரிந்துகொண்டு கலைவாணியைப் பார்த்துச் சிரிப்பார்கள். "பூசைக்கு வருவீர்களா?" என்று மசேர் கேட்டால், "பாக்கலாம் மசேர்" என்பார்கள். வரமாட்டோம் என்று வயதானவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இதையும் கலைவாணி, "வருவார்கள் போலிருக்கிறது" என்று பிரெஞ்சில் ஆக்கிவிடுவாள். அதனால் மசேர் தானாகக் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் "பாக்கலாம்" என்றாகிப்போனது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மலரும்.

ஐப்பசியில் ஒருநாள் அந்த ஊர் மீனவன் ராஜா கடலுக்குப் போனான். கூடப் போகிற மச்சினன் விஜய்க்குக் காய்ச்சல், அதனால் சின்னப் படகில் தனியாகப் போனான். மத்தியானத்துக்கு மேல் காற்று மாறி மழையும் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், ராஜா வரவில்லை.

மறுநாள் விடியலில் விஜய் காய்ச்சலோடு எழுந்து படகைத் தள்ளினான். கூடவே இன்னும் சில படகுகள் போயின. மழை விட்டாலும் வானம் திறக்கவில்லை. வெயில் என்று ஒரு பொட்டு விழவில்லை. ராஜாவின் மனைவி கொளஞ்சி கருவாடு போடுகிறவள். காய வைத்த மீனெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் நாறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். "இன்ஜின் கெட்டிருக்கும். படகு மிதக்கும்ல? அவரு வருவாரு, பாருங்க" என்று வருகிறவர்களுக்கு அவளே ஆறுதல் சொன்னாள். பெரியவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனாலும் தினமும் படகுகள் போயின. படகு போகிறவரை ராஜா உயிரோடு இருக்கிறான் என்றுதான் அர்த்தம். ஊரில் சாவு என்று ஆகிவிட்டால் சடங்கு முடிகிறவரை யாரும் கடலில் இறங்கக் கூடாது, அது அங்கே கட்டுப்பாடு.

மசேரால் சும்மா இருக்க முடியவில்லை. "என் அப்பாவும் கடலுக்குப் போகிறவர்தான்" என்றார் பஸ்ஸில். "அவர் போனதும் அம்மா அவர் படத்தை எடுத்து வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். திரும்பி வரும்வரை அணையாமல் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அவர் வந்தார், கலைவாணி. ஒவ்வொரு தடவையும்." சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. ராஜாவின் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றார்.

கலைவாணிக்கு அது சரியாகப் படவில்லை. என்றாலும் விஜய் போனிலிருந்து ஒரு படத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோவுக்குப் போனாள். படத்தைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"தோற்றம், மறைவு தேதி சொல்லுங்கக்கா."

"அதெல்லாம் வேணாம். படம் மட்டும் போதும்."

"சின்ன வயசு," என்று உச்சுக்கொட்டினார். "சந்தன மாலை நம்மகிட்டயே இருக்கு, போட்டுத் தரவா?"

"உயிரோட இருக்கிற மனுஷன்யா!" என்று கத்திவிட்டாள். ஸ்டுடியோக்காரர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அப்போதே அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கண்ணாடி போட்ட படம், அதற்கு முன்னால் ஒரு சுடர். அதைப் பார்த்தால் இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் என்னவென்று தெரியும். மசேரிடம் போய், இது கூடவே கூடாது என்று சொல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் கட்டிப் பார்த்தாள். எப்படிக் கட்டினாலும் அது மசேருடைய அம்மாவின் மேல் போய் விழுந்தது. கடைசியில், "பூ மட்டும் வைக்க வேண்டாம். இங்கே படத்துக்குப் பூ வைத்தால் வேறு அர்த்தம்" என்றாள். "சரி, பூ வேண்டாம்" என்று மசேர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கமும் நோகாமல் முடித்தாயிற்று என்று கலைவாணி மூச்சு விட்டாள். பைத்தியக்காரி! பூ இல்லாவிட்டால் சுடர் வேறு பேசிவிடுமா?

விளக்கு வைக்கிற நேரம். கூடத்து மேசையில் படத்துக்குள் ராஜா சிரித்துக்கொண்டிருந்தான், அவன் முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. தையலுக்கு வந்த சுமலதா வாசலிலேயே நின்றுவிட்டாள். கையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கச் சத்தம். வெள்ளைக்காரர்களுக்கு எங்கிருந்தோ சேதி வந்துவிட்டது, வாயால் சொல்ல மனசு வராமல் படம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தார்கள். ஊரே சேர்ந்து வேண்டிக்கொள்ள வருகிறது என்று நினைத்து மசேர் நெகிழ்ந்துபோனார். கொளஞ்சியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதும் அப்படித்தானே. கொளஞ்சி அந்தப் பிடியிலேயே துவண்டுபோனாள்.

"இல்ல, இல்ல! சேதி எதுவும் வரல! இது அவன் திரும்பி வரணும்னு வெச்ச வெளக்கு!" என்று கலைவாணி அடித்தொண்டையில் கத்தினாள்.

கொளஞ்சி நிமிர்ந்து பார்த்தாள். "நீ எப்பவும் நல்ல மாதிரியாத்தான்க்கா சொல்லுவ" என்றாள்.

கலைவாணி மசேரிடம் திரும்பி நடந்ததைச் சொன்னாள். மசேர் வெலவெலத்துப்போனார். அப்படியானால் இது வேண்டாம், உடனே எடுத்துவிடலாம் என்று மேசைக்கு ஓடி, கலைவாணி கையைப் பிடிப்பதற்குள் குனிந்து, மெழுகுவர்த்தியை வாயால் ஊதி அணைத்துவிட்டார்.

கூடத்தில் எழுந்த அலறல் கடற்கரை வரை கேட்டிருக்கும். வாயால் ஊதி விளக்கை அணைக்கிற வீடு இந்தப் பக்கம் உண்டா? அதுவும் அவன் படத்துக்கு முன்னால். இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அந்த மூச்சோடு போய்விட்டது.

மறுநாள் காலையில் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. மசேர் கரைக்கு ஓடினார். விஜய் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தேடுவதை நிறுத்த வேண்டாம், உன் காலில் விழுகிறேன் என்று மசேர் பிரெஞ்சில் கெஞ்ச, கலைவாணி அதை அப்படியே தமிழில் சொன்னாள். விஜய் சங்கடத்தோடு எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"பாக்கலாம் மசேர்" என்றான்.

மசேர் முகம் மலர்ந்துவிட்டது. "போவார்கள்!" என்று கலைவாணியின் கையைப் பிடித்து அழுத்தினார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. பாவம், இரவெல்லாம் தூங்காத கிழவி, கொஞ்சம் நிம்மதியாக இருக்கட்டும் என்று கலைவாணி வாயை மூடிக்கொண்டாள். மசேர் நிம்மதியாகவே டவுனுக்குத் திரும்பினார். அன்றைக்குத்தான் வானம் விட்டு வெயில் வந்தது. நல்ல வெயில், மணல் சுடுகிற வெயில். அடுத்து வந்த நாட்களிலும் அப்படியே அடித்தது. சடங்கு முடிந்ததும் ஊர் தொழிலுக்குத் திரும்பியது. தேட மட்டும் யாரும் போகவில்லை.

பிறகு ஆந்திரா பக்கத்திலிருந்து போன் வந்தது. படகு கிடைத்திருக்கிறது, ஆள் இல்லை என்றார்கள். விஜய் போய் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். கரையில் இறக்கியபோது ஊரே சுற்றி நின்றது, மசேரும் கலைவாணியும் ஓரமாக நின்றார்கள். படகில் துடுப்பு ஒன்று நட்டுவைத்திருந்தது, அதன் நுனியில் ராஜாவின் சிவப்புச் சட்டை கொடியாகக் கட்டியிருந்தது. கேனில் மழைத்தண்ணீர் கொஞ்சம் மிச்சம். முன்பக்கப் பலகையில் கிழிந்த வலையை விரித்து, மீன்களைக் கீறி வரிசையாகப் பரப்பியிருந்தது.

கொளஞ்சி ஏறினாள். நெற்றி வெறுமையாக இருந்தது, கழுத்தும்தான். ஒரு மீனை எடுத்து வளைத்துப் பார்த்தாள், வளையவில்லை. நன்றாகக் காய்ந்து விறைத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிக் கலைவாணியிடம் வந்தாள்.

"தேடுன நாளெல்லாம் வெயில் இல்லக்கா. எம் மீனெல்லாம் அழுகிப்போச்சு, உனக்கே தெரியும். வெளக்கேத்துன மறுநாள்தான் வெயில் வந்துச்சு. இது வெயில்ல காஞ்ச மீனு. நாம படகை மேல ஏத்திட்டு அவருக்கு அழுதுக்கிட்டு இருந்தப்ப, அவரு நடுக்கடல்ல உக்காந்து மீனக் கீறிக் காய வெச்சிக்கிட்டு இருந்திருக்காரு. நாம வருவோம்னு."

"என்ன சொல்கிறாள்?" என்றார் மசேர்.

"சொல்லு," என்றாள் கொளஞ்சி. "சக்கரை போடாம சொல்லு."

கலைவாணி சொன்னாள். அழுகிப்போன மீனை, வெயிலை, விளக்கை, நடுக்கடலில் உட்கார்ந்திருந்தவனை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். விஜய் அன்றைக்குச் சொன்னது மாட்டேன் என்றுதான், அது தனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மசேர் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். கலைவாணியின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

கொளஞ்சிக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் கலைவாணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப அப்படியே சொல்லிட்ட, இல்ல?"

"சொல்லிட்டேம்மா."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றாள் கொளஞ்சி. "இப்படி ஒருநாளாவது நீ பேசி நான் பாத்திருந்தா, அன்னிக்கு உன்ன நம்பியிருப்பேன்க்கா."