மற்றக் காப்பு

காலையில் எங்கள் முன்பள்ளியின் கிழக்கு யன்னலால் வெயில் வந்து நிலத்தில் நீளமாகப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் அந்த வெளிச்சத்துக்குள்தான் தங்கள் தடுக்குகளை விரிக்கப் பார்ப்பார்கள். பனையோலையில் பின்னிய சின்னத் தடுக்கு, அதன் மேல் ஒரு தட்டு. ஒரு பிள்ளை குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் வார்க்கும். ஒன்று சட்டைத் தெறி பூட்டிப் பழகும். இன்னொன்று அவித்த முட்டையின் கோதை உரித்துக்கொண்டிருக்கும். ஒருவரும் கதைக்க மாட்டார்கள். தண்ணீர் விழும் சத்தமும் வெளியே பூவரசில் காகம் கரைவதும்தான் கேட்கும். சில காலைகளில் நான் நித்திரையா விழிப்பா என்று எனக்கே பிடிபடாது.

வீட்டில் நான் இப்படி இல்லை. என் வாய்க்குப் பயந்து பூனைகூட அடுப்படிப் பக்கம் வராது. "அங்கை மட்டும் உமக்கு எங்கையிருந்து பொறுமை வருகுது?" என்று என் கணவர் கேட்பார். எனக்கும் தெரியாது. மொண்டிசோரி முறையைப் படித்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம்தான்: பேசாமல் செய்து காட்டு, மெதுவாகச் செய்து காட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டு தள்ளி இரு. வாய்க்கு வேலை இல்லாத இடத்தில் என் கோபத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

அந்தப் படிப்பில் சொல்லித் தராத சங்கடங்களும் இருந்தன. தொடக்கத்தில் அகன்ற தட்டொன்றில் அரிசியை வைத்து, கரண்டியால் கிண்ணத்துக்கு அள்ளி மாற்றச் செய்து காட்டினேன். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். தட்டில் அரிசியைக் கண்டதும் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுச் சுட்டுவிரலை நீட்டி 'அ' எழுதினார்கள். ஒரு பெடியன் கைகூப்பிக் கண்ணையும் மூடிக்கொண்டான். நான் கிணற்றடிக்குப் போய் நின்று சிரித்துவிட்டு வந்து, அரிசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பயறை வைத்தேன்.

அந்தப் பிள்ளையை நான் பயற்றுத் தட்டில்தான் கவனித்தேன். நாலு வயதுப் பெண்பிள்ளை, கன்னத்தில் சோறு அதக்கி வைத்ததுபோல உப்பிய முகம். பயறு சிந்திவிட்டது. மற்றப் பிள்ளைகள் என்றால் இரண்டு கையாலும் கூட்டி அள்ளுவார்கள். இவள் பாதத்தை அணையாக வைத்து, வலக்கையால் பயறை அதில் ஒதுக்கி அள்ளினாள். "டீச்சர், இவ பயறைக் காலாலை தொடுறா" என்று பக்கத்தில் இருந்தது கோள் சொன்னது.

அதன் பிறகு என் கண் அவளிலேயே நின்றது. போத்தலை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு வலக்கையால் மூடியைத் திருகினாள். தலையைக் குனிந்து துணியை நாடியால் அமுக்கிப் பிடித்து மடித்தாள். தெறியைப் பூட்ட, சட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள். இடக்கை மட்டும் மடியில் நித்திரையாகக் கிடந்தது. ஆனால் ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. அவ்வளவு ஒழுங்கு, அவ்வளவு வடிவு. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

"டீச்சர், இடக்கையிலை ஏதும் வலுக்குறைவோ? ஆஸ்பத்திரியிலை காட்டச் சொல்லுவமோ?" என்று என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவது பெரியம்மா. தாய் சாவகச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை, காலை பஸ்ஸுக்குப் போய்விடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அவரைக் கண்டதில்லை. "பிள்ளையின்ரை கையைப் பற்றிக் கதைக்கவேணும், தாயை ஒருக்கா வரச் சொல்லுங்கோ" என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் பிள்ளைகள் போன பிறகு தாய் வந்தார். சேலைத் தலைப்பை இடப்பக்கத்தில் முன்னுக்கு இழுத்து விட்டிருந்தார். இருக்கவும் இல்லை, தொடங்கிவிட்டார்.

"டீச்சர், பிள்ளையின்ரை கையிலை என்ன? நான் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தன், எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."

கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருந்து, கைப்பையை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு வலக்கையால் திறந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த முழங்கால்களை எனக்குத் தெரியும். நாள்தோறும் பார்க்கிற முழங்கால்கள். தலைப்பு விலகியது. அவருடைய இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை.

சொல்லவென்று அடுக்கி வைத்திருந்த வசனமெல்லாம் இனித் தேவையில்லை. மெல்லச் சொன்னேன். "கையிலை ஒரு குறையும் இல்லை. பிள்ளை உங்களைப் பாத்துப் பழகியிருக்கு."

அவர் தலைப்பைத் திரும்ப இழுத்து விட்டார். "சண்டை நேரம், பள்ளிக்கூடம் போற வயசிலை செல்லடியிலை போனது, டீச்சர். எனக்கு அது இல்லையெண்ட நினைவே இப்ப வாறதில்லை" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அக்கா எல்லாத்தையும் ரெண்டு கையாலைதான் செய்யிறா. எண்டாலும் அவள் பாக்கிறது என்னைத்தான். இண்டைவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. அம்மா எண்டால் இப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். ரெண்டு கையும் பழகினால், எனக்கு ஒண்டு இல்லையெண்டு கண்டுபிடிச்சிடுவாளே."

அப்படியே விட்டுவிடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. அந்தக் குழந்தை போத்தலைத் திறப்பதிலும் துணி மடிப்பதிலும் இருந்தது தாயின் மீதுள்ள ஆசை. அதை எடுத்துவிட்டு நான் எதைக் கொடுக்கப் போகிறேன்? நான் வாய் திறக்க முதல் அவர் எழும்பிவிட்டார்.

"பழக்குங்கோ. எனக்குப் பயமாய்த்தான் கிடக்கு. எண்டாலும் பழக்குங்கோ."

மாரி தொடங்கியது. யன்னல் வெயில் போய், அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம் வந்தது. ஓட்டில் மழை, உள்ளே குவளைகளில் தண்ணீர். எது எதன் சத்தம் என்று பிரிக்க முடியாத காலைகள். இடக்கையால் பிடி என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இரண்டு கையாலும் மெதுவாகச் செய்து காட்டிவிட்டுத் தள்ளி இருந்தேன். குவளையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம், ஒரு கைக்குள் அடங்காதபடி. ஒரு காலை, மடியில் கிடந்த கை தானாக எழும்பியது. நித்திரையால் எழும்பி அடுப்படிக்கு வருகிற பிள்ளைபோலத் தயங்கித் தயங்கி வந்து, குவளையின் அடியைத் தாங்கியது. அவள் வார்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள், அதை அன்றுதான் கண்டவள்போல. எனக்குச் சந்தோசம் பொங்கியது. அதே நேரம் அந்தத் தாயின் பயமும் நினைவுக்கு வந்தது.

பிறகு அவள் காப்புத் தட்டுக்கு வந்தாள். என்னுடைய பழைய கண்ணாடிக் காப்புகளும் துணி சுற்றிய ஒரு போத்தலும் அந்தத் தட்டில் இருக்கும். ஒரு கையால் போத்தலைப் பிடித்து, மறு கையால் காப்புகளை ஒவ்வொன்றாக அதில் மாட்டி இறக்க வேண்டும். கண்ணாடி உடையாதா என்று பெற்றோர் கேட்பார்கள். உடையும், கவனமாகக் கையாளப் பழகட்டும் என்றுதான் கண்ணாடி. அவளுக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. வந்தவுடன் அதைத்தான் எடுப்பாள். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை.

தை பிறந்து வெயில் திரும்பியிருந்தது. ஒருநாள் தாய் லீவு எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிப்போகத் தானே வந்தார். நேரம் இருந்தது. வரும் பெற்றோர் சத்தம்போடாமல் ஓரமாக இருந்து பார்க்கலாம் என்பது எங்கள் வழக்கம். அவர் வந்து மகளின் தடுக்கருகே நிலத்தில் இருந்தார். வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. எப்படிப் போடுவது? ஒரு கைதான் என்றால், அந்தக் கைக்கு இன்னொருவர்தான் காப்புப் போட்டுவிட வேண்டும்.

பிள்ளை போத்தலைப் பார்த்தாள். தாயின் கையைப் பார்த்தாள். போத்தலை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு, இடக்கையால் தாயின் விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பிடித்தாள். வலக்கையால் ஒரு சிவப்புக் காப்பை ஏற்றினாள். அது விரல் மொழியில் தடக்கி நின்றது. அவள் அமத்தவில்லை. கொஞ்சம் திருப்பினாள், காப்பு வழுகி மணிக்கட்டில் இறங்கியது. தாய் கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

அவள் சோடிக் காப்பை எடுத்துக்கொண்டு தாயின் மற்றப் பக்கத்துக்கு நகர்ந்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தாய்க்கும் தெரிந்தது.

"அம்மா, மற்றக் காப்பை எங்கை போடுறது?"

தாய் என்னைப் பார்க்கவில்லை. தலைப்பை ஒதுக்கிக் கையைக் காட்டினார். "இஞ்சை கை இல்லைக் குஞ்சு. அது எப்பவோ போயிட்டுது."

பிள்ளை அந்த இடத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். "நோகுதோ?"

"இல்லை."

கையிலிருந்த காப்பைப் பார்த்தாள். பிறகு அந்தக் காப்பைத் தன் இடக்கையில் மாட்டினாள். அது பெரிதாக இருந்ததால் முழங்கைக்கு மேலே தள்ளி ஏற்றிக்கொண்டாள்.

"அப்ப இது என்ரை கையிலை இருக்கட்டும்" என்றாள்.

எடுத்த பொருளை வீட்டுக்குப் போக முதல் தட்டில் திருப்பி வைக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஒரு கரண்டி குறைந்தாலும் நான் விடமாட்டேன். அன்று தாயும் மகளும் காப்போடு படலையைத் தாண்டிப் போனார்கள். காப்பு விழாமலிருக்க அவள் இடக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அந்தத் தட்டில் இப்போதும் ஒரு சோடி குறைகிறது. நான் வேறு வாங்கி வைக்கவில்லை.