பேஸ்மென்ட் கழுவிய வருஷங்கள்

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகை இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எண்பதுகளில் லாரியும் வேனும் வரிசையில் நிற்கும். பிறகு மெயின் ரோட்டிலேயே பெரிய பெரிய சர்வீஸ் ஸ்டேஷன்கள் வந்தன. எங்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்ப யாருக்கும் பொறுமை இல்லாமல் போய்விட்டது.

அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில், பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் ஃபியட் காரைக் கழுவக் கொண்டுவந்தார். அடையாறு பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர், அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான். மச்சான் பீய்ச்சியடித்த தண்ணீரில் சேறு கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த மெஷினை வெளியே கொண்டுபோக முடியுமா? எங்க கார் நிறுத்தற பேஸ்மென்ட் தரை பூரா ஆயில் கறை. பெருக்கறவங்க தேய்ச்சுத் தேய்ச்சு விட்டுட்டாங்க."

நான் யோசிப்பதற்குள் மச்சான் சொல்லிவிட்டான். "தாராளமா, சார்."

போகிற இடத்துக் கரண்டை நம்ப வேண்டாம் என்று மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் இன்ஜினைப் பொருத்தினோம், அதைப் பம்ப்போடு சேர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். கார்கள் எல்லாம் ஆபீஸ் போன பிறகு வேலை. சோடா மாவைத் தூவி, ஊறவிட்டு, பிறகு தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்து அடித்தால் கறுப்புத் தரையில் சிமெண்டின் சொந்த நிறம் பட்டை பட்டையாக வெளியே வரும். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது. மாலையில் காரில் திரும்பி வந்தவர்கள் இறங்கி நின்று தரையைப் பார்த்தார்கள். ஒரு அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை வெறுங்காலோடு நடந்தார்.

முதல் தடவை இன்ஜினை வாசலிலேயே நிறுத்தியிருந்தோம். மதியம் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். வயதானவர்களால் தூங்க முடியவில்லை, குழந்தைகள் அழுகின்றன என்றார்கள். செயலாளர் சங்கடத்தோடு என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் கீழே இறக்கி வெச்சுக்க முடியுமா? சத்தம் மேலே வராம இருந்தா போதும்."

கேட்டதில் நியாயம் இருந்தது. பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவுப் பாதையின் அடியில், புகை வெளியே போகிற மாதிரி வைத்தோம். அன்றிலிருந்து எங்கே போனாலும் அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. அடையாறு, திருவான்மியூர், கிண்டி என்று பேஸ்மென்ட் கட்டிய இடத்திலெல்லாம் கூப்பிட்டார்கள். மச்சான் கன்னோடு உள்ளே உள்ளே போய்விடுவான். நான் இன்ஜின் பக்கத்தில் நின்று பிரஷரைப் பார்த்துக்கொள்வேன். நாலு பக்கமும் கான்கிரீட். சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்து மறுபடி மோதும். எங்களுக்குள் பேச்சே கிடையாது, கையசைவுதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். காலையில் சரியாகிவிடும். "பஞ்சு வெச்சுக்கிட்டுப் போங்களேன்" என்று மனைவி சொன்னதால் பஞ்சும் வைத்துக்கொண்டேன். ரீங்காரம் எந்த நாளிலிருந்து நிரந்தரமாகத் தங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. மின்விசிறிச் சத்தத்தைப் போல அதுவும் பழகிவிட்டது.

வேறு மாற்றங்களுக்கு நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வீட்டுப் பின்னால் குருவிச் சத்தமே இல்லை. புது வீடுகள் கட்ட மரங்களை வெட்டியதால் குருவிகள் போய்விட்டன என்று நினைத்தேன். சர்ச்சில் பெண்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்தேன். மச்சான் பேசுவது நன்றாகக் கேட்டது. இன்ஜினும் லாரியும் கேட்டன. காது போய்க்கொண்டிருக்கிறது என்று ஒருவனுக்கு எப்படித் தோன்றும்?

எங்களுக்கு ஒரே மகள். பத்தாவது படிக்கும்போது சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடும் மாலை ஆராதனையில் அவளுக்குத் தனியாக ஒரு பாட்டு கொடுத்தார்கள். கார்த்திகை மழையிலிருந்தே பயிற்சி. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் பாடிப் பார்ப்பாள். "நீங்க அன்னைக்கு வந்து கேளுங்கப்பா, அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அன்று கிண்டியில் வேலை இழுத்துவிட்டது. ஈர உடையை மாற்றிக்கொண்டு ஓடினேன். கடைசி பெஞ்சில்தான் இடம். மனைவி முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மகள் வெள்ளைப் பாவாடை தாவணியில் வந்து மைக் முன்னால் நின்றாள். கீபோர்டு ஆரம்பித்தது. அவள் வாய் திறந்தது. மெலிசாக, பக்கத்து வீட்டு ரேடியோ போல ஏதோ வந்தது. பிறகு அவள் கழுத்தை லேசாக நிமிர்த்தினாள், உதடுகள் விரிந்தன, எனக்குக் கீபோர்டு மட்டும் கேட்டது. மைக் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, பாவம், பயத்தில் குரலும் எழும்பவில்லை என்று எனக்கு அவளுக்காக மனசு அடித்துக்கொண்டது.

வெளியே வந்ததும் என்னிடம் ஓடிவந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா பாடியிருக்கலாம். பின்னாடி வரைக்கும் வரல."

அவள் முகம் எப்படி மாறியது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். அம்மாவிடம் போய் நின்றுகொண்டாள். நான் தைரியம் சொல்வதாக நினைத்து, வீடு வரும் வழியில் மறுபடியும் சொன்னேன். "பயப்படக்கூடாது. அடுத்த தடவை வாயைத் திறந்து பாடு."

புது வருஷத்துக்குப் பிறகு பரீட்சை என்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து நின்றாள். பரீட்சை முடிந்தும் போகவில்லை. மனைவி ஒருநாள் கேட்டாள், "அவகிட்ட என்ன சொன்னீங்க?" சொன்னதைச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சர்ச்சே அசையாம கேட்டுச்சு. உங்களுக்கு அதுல குறை தெரிஞ்சுதா?" எனக்குக் கோபம் வந்தது. என் காதால் கேட்டதைத்தானே சொன்னேன் என்றேன்.

மகள் காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பு சரியில்லாமல் நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அடுப்பில் குக்கர். "மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுச் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். நான் சமையலறை வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்து அடுப்பை அணைத்தார். வீடு பூராவும் கருகல் நாற்றம்.

"அண்ணா, எத்தனை விசில்! தெரு முனை வரைக்கும் கேக்குது. தூங்கிட்டீங்களா?"

நான் தூங்கவில்லை. கையில் பேப்பர் விரிந்தபடி இருந்தது.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் ரொம்ப நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் என் தொழிலைக் கேட்டார். சொன்னேன்.

"தடிமனான சத்தம் கேக்கும். ஆம்பளைங்க பேசறதும் ஓரளவு புரியும். கீச்சுக் குரல், பொம்பளைங்க குரல், பாட்டுல மேல போற இடம், இதெல்லாம் போயிடுச்சு. திரும்ப வராது."

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சர்ச்சில் மகள் பாடிய அந்த மாலை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் மகளை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்கே தெரியாதும்மா. நீ நல்லா பாடலைன்னு நெனைச்சு சொல்லல. எனக்குக் கேக்கல."

"தெரியாமத்தானே சொன்னீங்க, விடுங்கப்பா."

"இப்ப என் காதுகிட்ட வந்து பாடேன். மெதுவா, கீழ் சுருதியில."

யோசித்தாள். "விட்டுப் போச்சுப்பா. இன்னொரு நாள் பாக்கலாம்."

அந்த இன்னொரு நாளுக்காக நான் அவளை வற்புறுத்தவில்லை. அவளும் பேச்செடுக்கவில்லை. இன்ஜின் பக்கம் நிற்பதை நான் விட்டேன். மச்சான் வேறு ஆள் வைத்துக்கொண்டு நடத்தினான். காதுக்கு மெஷின் வாங்கிப் போட்டேன். தட்டு வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள் இடித்ததே தவிர, பேச்சு தெளியவில்லை.

மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஞாயிறு மத்தியானம் எஸ்.டி.டி. போட்டுப் பேசுவாள். போனில் முகம் தெரியாததால் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. மனைவி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்டதை என் பக்கம் திரும்பி உதட்டைப் பெரிதாக அசைத்துச் சொல்வாள். மழை பெய்கிறதாம், மாமியாருக்கு மூட்டுவலியாம், அப்பா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்கிறாளாம். நான் பதில் சொல்வேன். மனைவி அதைக் கேட்டுக்கொண்டு, போனில் அவளிடம் சொல்வாள்.