ரிசல்ட்டுக்கு முன்னால் எடுத்த காவடி

பீச் ஸ்ட்ரீட்டில் எங்கள் கப்பல் ஆபீசில் சின்னையா இருபது வருஷம் பியூனாக இருந்தார். மேசைக்கு மேசை காகிதக் கட்டுகளைச் சுமந்தவருக்கு ஒரே ஆசை. மகன் தணிகாசலம் அந்த மேசைகளில் ஒன்றில் கிராணியாக, என்னைப் போலக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, உட்கார வேண்டும். அதற்கு சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸாக வேண்டும். 1934-இல் பையன் அதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

பாஸானால் காவடி எடுப்பதாகத் தண்ணீர்மலை முருகனுக்குச் சின்னையா வேண்டிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. ஆபீசில் சொன்னார், பசாரில் சொன்னார், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் சோறு விற்கும் சீனி முகம்மதுவிடமும் சொன்னார். அப்புறம் பையனைக் கண்டவர்கள் எல்லோரும் அதையே பேசினோம்.

"நல்லாப் படிலா தம்பி! அப்பா காவடி ஒன் கையிலதான் இருக்கு!"

நானும் சொன்னேன், வேடிக்கையாகத்தான். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐப்பசியில் பையன் இளைத்துப்போனான். புருவ முடியைப் பிய்த்துப் பிய்த்து ஒரு பக்கம் வெறுமையாகிவிட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று தாய் வள்ளியம்மா சுற்றிப்போட்டாள். ஒரு மத்தியானம் சோற்றைப் பார்த்ததும் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்ட அப்பாவிடம் மெதுவாகச் சொன்னான்:

"நான் பெயிலாயிட்டா அன்னிக்கி வீட்டுக்கு வரமாட்டேன்பா. ஒங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

சின்னையாவுக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தின வருஷம் ரிசல்ட் வந்த அன்று பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வீடு திரும்பவில்லை. அவன் செருப்பு மட்டும் கப்பல்துறையில் கிடைத்தது.

"ரிசல்ட் பங்குனியிலதான் வரும். நான் இந்தத் தைப்பூசத்துக்கே காவடி எடுத்துடறேன். ஒன் பரீட்சைக்கும் அதுக்கும் இனிமே சம்பந்தமில்ல" என்றார் மகனிடம்.

வள்ளியம்மா பதறிப்போனாள். "சாமிகிட்டச் சொன்னத மாத்தலாமாங்க? சாமி குத்தமாயிரும்."

"வந்தா எனக்கு வரட்டும். புள்ள நமக்கு இருக்கானே, அதுக்கு எடுக்கறேன்."

பிறகு தான் பெருமை பேசிய ஒவ்வொருவரிடமும் போனார். என் மேசைக்கும் வந்தார்.

"கிராணி ஐயா, பையன்கிட்ட பரீட்ச பேச்சு வேணாங்க. சாப்ட்டியான்னு மட்டும் கேளுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே கேட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தவன், கொஞ்ச நாளில் பதில் சொன்னான். மார்கழியில் பரீட்சை எழுதினான்.

தைப்பூசத்தன்று சின்னையா கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தார். ரிசல்ட் வராமலே காவடியா என்று சிலர் சிரித்தார்கள். தணிகாசலம் தண்ணீர்ச் செம்போடு அப்பா பக்கத்திலேயே மலையேறினான். சாமி குத்தத்துக்கு வள்ளியம்மா மட்டும் கடைசிப் படிவரை பயந்துகொண்டே வந்தாள்.

பங்குனியில் ஒரு காலை பேப்பரில் ரிசல்ட் வந்தது. ஆபீசில் நான்தான் பார்த்தேன். மூன்று முறை தேடியும் பையன் பெயர் இல்லை. சொன்னதும் சின்னையா கையிலிருந்த காகிதக் கட்டைப் போட்டுவிட்டுக் கப்பல்துறைப் பக்கம் ஓடக் கிளம்பினார். வாசல் வரைதான் போனார்.

படியில் தணிகாசலம் நின்றிருந்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"பேரு இல்லப்பா. மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

இத்தனை வருஷத்தில் சின்னையா அழுது நான் பார்த்தது அன்றுதான். அத்தனை கிராணிகள் முன்னால் மகனைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியாய்யா, வந்துட்டியா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.