ஒன்பதாம் வருஷத்து நாற்காலி

லியோனா ஹ்ருஸ்காவுக்குக் கிணறு தோண்டத் தெரியும், கசகசா வைத்துக் கொலாச்சி ரொட்டி சுடத் தெரியும், பதவியை விடத்தான் தெரியவில்லை என்று அவள் கணவன் எர்வின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், அது அவள் குற்றமில்லை. டெக்சஸ் அரசியல் சட்டத்தின் குற்றம்.

கிணறு தோண்டுகிறவர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில வாரியத்தில் ஒன்பது பேர். ஆளுக்கு ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று பேர் இறங்க, மூன்று பேர் ஏறுவார்கள். அதுவரை சரி. அடுத்தவர் வந்து உறுதிமொழி எடுக்கும்வரை பழையவர் நாற்காலியை விடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ஆறு வருஷம் முடிந்து இன்னும் மூன்று ஓடிவிட்டது. ராஜினாமா எழுதினாள். நன்றி, மாற்று ஆள் வரும்வரை தொடருங்கள் என்று பதில் வந்தது.

"ஜெயில்ல போட்டிருந்தாக்கூட நன்னடத்தைன்னு எப்பவோ விட்டிருப்பான்," என்பான் எர்வின். அவள் ஓய்வுக்கென்று வாங்கிய படகில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது.

ஒருவழியாக டேல் பிட்மன் என்பவரை நியமித்தார்கள். மனிதர் தன் ஊரில் மாடு அடக்கும் ரோடியோ மைதானத்தில், பேண்ட் வாத்தியம் முழங்க உறுதிமொழி எடுத்தார். பொறுப்பை ஒப்படைக்க லியோனா தலைநகர் ஆஸ்டினுக்கு வந்தாள். எர்வின் படகை வண்டியில் கட்டி வாசலிலேயே நின்றுகொண்டான். பொழுது சாய்வதற்குள் போர்ட் அரான்சஸ் கடற்கரை என்று பேச்சு.

கூட்டம் தொடங்குமுன் எழுத்தர் ரமோனா டேலின் கோப்பை நீட்டினாள். பழக்கதோஷத்தில் லியோனா அதைப் படித்தாள். பதவிக்காக யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறுதிமொழி எடுக்க வேண்டும். டேல் உறுதிமொழி எடுத்தது சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டது திங்கட்கிழமை. அந்த உறுதிமொழி செல்லாது. நாற்காலி இன்னும் இவளுடையதுதான்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் சாயங்காலம் கடல். ஆனால் இன்றைக்குப் பதினான்கு பேரின் உரிமம் வாக்குக்கு வருகிறது. நாளைக்கு எவனாவது வக்கீல் இந்தத் தேதியைத் தோண்டினால் அத்தனை பேர் பிழைப்பும் அந்தரத்தில் நிற்கும். அவளுக்கு அழுகையே வந்தது. போய்த் தலைவர் ஓர்ட்டிஸிடம் சொல்லிவிட்டாள்.

"அப்ப இன்னிக்கு நீங்களே உக்காந்துருங்கம்மா. அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்."

"அது எப்ப?"

"மூணு மாசம் ஆகும்."

"உறுதிமொழி வாங்க ஒரு நோட்டரி போதும்ல?"

"இப்ப நோட்டரிக்கு எங்க போறது?"

லியோனா கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசையில் வைத்தாள். ஊரில் இருபது வருஷமாக அவள்தான் நோட்டரி. அங்கே நின்றிருந்த டேலைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எதுக்கும் மொதல்ல மறுபடி ஒரு கையெழுத்து, இன்னிக்குத் தேதி போடுங்க தம்பி. அப்புறம் கையத் தூக்குங்க."

"வாத்தியம் இல்லாமலா?" என்றார் டேல், முகம் சிவந்து.

"அதான் ஒரு தடவ வாசிச்சாச்சே."

அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். கடைசிச் சொல் முடிந்ததும் ஓர்ட்டிஸ் தொண்டையைக் கனைத்தார். "உறுப்பினரா இல்லாதவங்க தயவுசெஞ்சு பின்வரிசைக்குப் போயிருங்க."

தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு வந்தது. பின்வரிசையில் உட்காராமல் நேரே வாசலுக்குப் போனாள்.

எர்வின் வண்டிக்குள் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துப் படுத்திருந்தான். "என்ன, இன்னும் தொடரச் சொல்லிட்டாங்களா?"

"என்னை நானே வெளிய அனுப்பிட்டு வந்திருக்கேன். வண்டிய எடு."

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக எர்வினுக்குக் கேலி எதுவும் தோன்றவில்லை. தொப்பியை நேராக வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான்.